வரைபட நிரலாக்கமும் அளவீட்டு அமைப்புகளும்: கயத்தாறு காற்றாலைச் சோதனை நிலையத்தை முன்வைத்து ஒரு வரலாறு

வரைபட நிரலாக்கம் என்பது கணினிக்கான கட்டளைகளை வரிவரியாக எழுதாமல் படமாக வரைந்து தரும் முறையாகும். சிறு கட்டங்களை வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைத்தால், அந்தப் படமே நிரலாக இயங்கும். அளவீட்டுக் கருவிகளைக் கணினியுடன் இணைத்துச் சோதனை அமைப்புகளை உருவாக்குவதில் இம்முறை 1986 முதல் பரவியது. இத்துறையில் பரவலாக அறியப்பட்ட மென்பொருள் லேப்வியூ ஆகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றின் அனுபவத்திலிருந்து பிறந்த இந்த முறையைப் புரிந்துகொள்ளக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காடு நல்லதோர் இடம். அளவீடு என்பது இங்கே ஏட்டுப் பாடம் அன்று. மழையின் அளவும் காற்றின் வேகமும் இப்பகுதியின் பிழைப்பை முடிவு செய்கின்றன. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ள கயத்தாற்றில், காற்றாலைகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு தேசிய நிலையம் இயங்குகிறது.

கரிசல் நிலமும் அளவும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்கள் வானம் பார்த்த பூமியாகும். ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எந்த நாளில் விதைப்பது என்பதே விவசாயியின் பெரிய முடிவு.

கருவிகள் வருவதற்கு முன்பே இங்கு அளவுகள் இருந்தன. நிலத்தை உழுவதற்குப் போதிய ஈரம் தரும் மழை 'உழவு மழை' எனப்பட்டது. பஞ்சாங்கம் ஆண்டின் மழையை மரக்கால் கணக்கில் சொன்னது. உழவு மழை என்ற சொல் மண்ணின் ஈரத்தை நேராகக் குறிப்பதால், மில்லிமீட்டர் கணக்கைவிட உழவனுக்குப் பயன்பட்டது. ஆனால் ஓர் ஊரின் அளவை மற்றோர் ஊரின் அளவோடு ஒப்பிடவும், பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கவும் பொதுவான கருவி தேவைப்பட்டது. 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பருத்தி, சோளம், கம்பு ஆகிய மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்த இந்நிலையம் பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. மானாவாரி ஆராய்ச்சியில் மழைப் பதிவே முதல் தரவாகும்.

காற்றை அளந்தவர்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக நுழைந்து, மே முதல் செப்டம்பர் வரை தமிழகத்தின் சில பகுதிகளில் வேகமாக வீசுகிறது. கயத்தாறு செங்கோட்டைக் கணவாயின் காற்றுப் பாதையில் உள்ளது. மழையைத் தராத அந்த மேல்காற்று, பிற்காலத்தில் மின்சாரம் தரும் வளமாக மாறியது.

காற்றின் வேகத்தை அளக்கும் குவளைக் காற்றுமானியை அயர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் ராம்னி ராபின்சன் 1846-இல் வடிவமைத்தார். இந்தியாவில் வானிலைக் கருவிகளின் தரத்தை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் அன்னா மாணி (1918–2001). பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சர் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், இலண்டனில் வானிலைக் கருவியியல் பயின்று 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவை இந்தியாவிலேயே உற்பத்தியாக வழிசெய்தார். ஓய்வுக்குப் பின் நாட்டின் காற்று வளத்தைக் கணக்கெடுக்கும் பணியை வழிநடத்தினார். இந்தியாவின் காற்று ஆற்றல் தரவுகளைத் தொகுத்த அவரது நூல் 1983-இல் வெளிவந்தது.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் திறனுள்ள காற்றாலைகள் நிறுவப்பட்டன. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. லேப்வியூ மென்பொருளின் முதல் பதிப்பு அமெரிக்காவில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஒன்றையொன்று அறியாத இந்த இரண்டு தொடக்கங்களும், காற்றாலைகள் பெருகிச் சோதனை தேவைப்பட்டபோது ஒரே கேள்வியை நோக்கி வந்தன: இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை எப்படி அளப்பது?

சோதனையின் தேவை

1990-களில் தமிழகத்தில் காற்றாலைகள் வேகமாகப் பெருகின. இயந்திரத்தின் விலையை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்த வரிச் சலுகை இதற்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது. நூற்பாலைகள் தங்கள் மின் தேவைக்காகக் காற்றாலைகளை வாங்கின. சலுகைக்காக வாங்கப்பட்ட இயந்திரங்கள் எல்லாம் எதிர்பார்த்த மின்சாரத்தைத் தரவில்லை. விற்பவர் தரும் அட்டவணையில் ஒரு திறன் இருக்கும். கரிசல் காட்டின் வெயிலிலும் தூசியிலும் கிடைக்கும் திறன் வேறாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுமப்பவர் இயந்திரத்தை வாங்கியவரே. அந்த வேறுபாட்டை நடுநிலையாக அளந்து சொல்ல நாட்டுக்குள் ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

1998-இல் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் சென்னையில் நிறுவப்பட்டது. அதன் அங்கமாக, டென்மார்க் அரசின் உதவியுடன், கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்தது. இந்த மையம் 2014-இல் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப் பெயர் மாறியது. கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே பலரும் அறிந்த கயத்தாறு, காற்றாலைப் பொறியாளர்களுக்குச் சோதனை நிலையத்தின் பெயராகவும் ஆனது.

திறன் வளைவு எப்படி அளக்கப்படுகிறது

காற்றாலைச் சோதனைகளில் அடிப்படையானது திறன் வளைவு அளவீடு. எந்தக் காற்று வேகத்தில் எத்தனை கிலோவாட் கிடைக்கிறது என்பதைக் காட்டும் கோடு அது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61400 வரிசைத் தரங்கள் இதற்கான விதிகளைத் தருகின்றன.

காற்றாலையிலிருந்து அதன் சுழலியின் விட்டத்தைப் போல் 2 முதல் 4 மடங்கு தொலைவில் ஓர் அளவைக் கம்பம் நடப்படும். காற்றாலையின் அச்சு உயரத்தில் காற்றுமானி பொருத்தப்படும். திசைகாட்டி, வெப்பமானி, அழுத்தமானி ஆகியவையும் கம்பத்தில் இருக்கும். காற்றாலை தரும் மின்திறனைத் தனி மின்னளவி அளக்கும். ஒவ்வோர் உணரியும் நொடிக்கு ஒரு முறையேனும் படிக்கப்படும். 10 நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுக்கப்படும். இந்தச் சராசரிகள் காற்று வேகத்தின்படி நொடிக்கு 0.5 மீட்டர் அகலமுள்ள கூடைகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கூடையிலும் குறைந்தது 30 நிமிடத் தரவும், மொத்தத்தில் குறைந்தது 180 மணி நேரத் தரவும் வேண்டும்.

180 மணி நேரம் என்பது நொடிக்கு ஒன்று வீதம் ஓர் உணரிக்கு 6,48,000 அளவுகள். 10 நிமிடச் சராசரியாக 1,080. தாளில் பேனா கோடு கிழிக்கும் பழைய உருளைப் பதிவியை வைத்து இதைச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது. இறக்கையின் அடியிலும் கோபுரத்தின் அடியிலும் விகாரமானிகளை ஒட்டி விசைகளை அளக்கும் சோதனையில் மாதிரி எடுக்கும் வேகம் இன்னும் பலமடங்கு கூடுகிறது.

துல்லியமும் இங்கே முக்கியமானது. காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. காற்றுமானி 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டினால், கணக்கிடப்படும் ஆற்றல் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடிவிடும். அதனால்தான் காற்றுமானியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளவுதிருத்திய பின்பே கம்பத்தில் ஏற்றுகிறார்கள். காற்றின் அடர்த்தியும் கணக்கில் வரவேண்டும். தரநிலை அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம். 35 பாகை செல்சியசிலும் 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்திலும் உலர்ந்த காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1.13 மட்டுமே. குளிர்நாட்டில் வரைந்த வளைவை அப்படியே கரிசல் காட்டுக்குப் பொருத்த முடியாது.

கருவியிலிருந்து கணினிக்கு

இத்தகைய சோதனைகளைக் கணினி வழியே செய்யும் முயற்சி 1960-களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் தன் கருவிகளைக் கணினியுடன் இணைக்க ஒரு பொதுத் தடத்தை உருவாக்கியது. 1975-இல் அது ஐஇஇஇ 488 என்ற தரமாக ஏற்கப்பட்டது. ஒரே வடத்தில் பல கருவிகளைக் கோத்துக் கணினியால் இயக்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் நிரல் எழுதுவது கடினமாக இருந்தது. கருவியை அறிந்த பொறியாளருக்கு நிரல்மொழி தெரியாது. நிரலாளருக்குக் கருவியின் போக்கு தெரியாது. சோதனையில் சிறு மாற்றம் செய்யவும் நிரலாளரின் மேசைக்குப் போகவேண்டியிருந்தது. அளவீட்டுத் துறையில் வரைபட நிரலாக்கம் தோன்றியதற்கு இந்த இடைவெளியே காரணம்.

லேப்வியூவின் பிறப்பு

படத்தை நிரலாக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. வில்லியம் சதர்லாந்து 1966-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், திரையில் படமாக வரையப்பட்ட நிரலை இயக்கிக் காட்டினார். கணினி வரைகலையின் முன்னோடியான ஐவன் சதர்லாந்தின் அண்ணன் இவர். 1970-களில் அதே கழகத்தில் ஜாக் டென்னிசும் அவர் குழுவினரும் தரவோட்டம் என்ற கோட்பாட்டை வளர்த்தனர். வழக்கமான நிரலில் கட்டளைகள் எழுதப்பட்ட வரிசையில் நடக்கும். தரவோட்டத்தில் ஒரு செயலுக்குத் தேவையான எல்லாத் தரவும் வந்து சேர்ந்ததும் அது நடக்கும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் போன்றது இது. பருப்பும் காயும் வெந்து வந்தால்தான் சாம்பார் கூட்ட முடியும். ஆனால் பருப்பு வேகும்போதே மற்றோர் அடுப்பில் பாயசம் கொதிக்கலாம். யாரும் வரிசை சொல்லத் தேவையில்லை. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதே வரிசையைத் தீர்மானிக்கிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகப் பயன்பாட்டு ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் டிரச்சர்டு, ஜெப் கொடோஸ்கி, பில் நவ்லின் ஆகிய மூவரும் 1976-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். கணினியையும் ஐஇஇஇ 488 கருவிகளையும் இணைக்கும் அட்டைகளே அவர்களின் தொடக்ககாலத் தயாரிப்பு. 1983-இல் மென்பொருள் பக்கம் திரும்பினர். கணக்கர்களுக்கு விரிதாள் செய்த உதவியை, சோதனைப் பொறியாளர்களுக்குச் செய்யும் கருவி ஒன்றை அவர்கள் தேடினர்.

தூய தரவோட்டப் படத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை வரைவது சிக்கலானது. கோடுகள் பின்னோக்கி வளைந்து படம் குழம்பிவிடும். கொடோஸ்கி இதற்கு ஒரு தீர்வு கண்டார். திரும்பச் செய்யவேண்டிய பகுதியைச் சுற்றி ஒரு சட்டம் வரைவது. அந்தச் சட்டமே சுழற்சியைக் குறிப்பது. நிபந்தனைக்கும் அதுபோல் ஒரு சட்டம். தரவோட்டமும் கட்டமைப்பு நிரலாக்கமும் இவ்வாறு இணைந்தன. வரைகலைத் திரையும் சுட்டெலியும் கொண்ட ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிக்காக 1986 அக்டோபரில் லேப்வியூ வெளியிடப்பட்டது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பு படத்தை இயந்திர மொழிக்கு மொழிபெயர்த்ததால் வேகம் கூடியது. 1992-இல் விண்டோஸ் கணினிகளுக்கும் வந்தது. இந்தியக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இருந்த கணினிகளுக்கு அதன் பிறகே அது பொருந்தியது. வரைந்ததைத் திரும்பப் பெறும் வசதிகூட 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது.

படத்தால் நிரல் எழுதும் முறை

லேப்வியூ நிரல் 'மெய்நிகர் கருவி' எனப்படும். அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. முதலாவது முகப்புப் பலகம்: பொத்தான்கள், முள் காட்டிகள், வரைகோடுகள் ஆகியவை இதில் இருக்கும், ஆய்வக மேசையில் உள்ள கருவியின் முன்பக்கம் போலவே தோன்றும். இரண்டாவது கட்டப்படம்: கருவியின் உள்ளே உள்ள மின்சுற்றைப் போல, கட்டங்களும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் இதில் இருக்கும். கம்பியின் நிறமும் தடிமனும் அதில் ஓடும் தரவின் வகையைச் சொல்லும். வகை பொருந்தாத முனைகளை இணைத்தால் கம்பி அறுந்ததாகக் காட்டப்படும், நிரல் இயங்காது. ஒருமுறை வரைந்த மெய்நிகர் கருவியை ஒரு சிறு கட்டமாக மற்றொன்றின் உள்ளே வைக்கலாம்.

திறன் வளைவு அளவீட்டை இம்முறையில் வரைந்தால் நுட்பம் விளங்கும். இடப்பக்கத்தில் காற்று வேகம், திசை, வெப்பம், அழுத்தம், மின்திறன் ஆகிய ஐந்து உணரிகளுக்கான கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி அளவுதிருத்தக் கட்டத்துக்குப் போகும். அங்கே மின்னழுத்தம் உரிய அலகாக மாறும். நொடிக்கு ஒரு முறை சுழலும் சட்டம் இவை அனைத்தையும் சூழ்ந்திருக்கும். 600 அளவுகள் சேர்ந்ததும் சராசரிக் கட்டம் இயங்கும். வெப்பமும் அழுத்தமும் அடர்த்திக் கட்டத்தில் சேரும். காற்றாலை நின்றிருந்த நேரங்களையும், கம்பம் காற்றாலையின் நிழலில் பட்ட திசைகளையும் ஒரு நிபந்தனைச் சட்டம் கழித்துவிடும். எஞ்சியவை 0.5 மீட்டர் கூடைகளில் விழும். வலக்கடைசியில் திறன் வளைவு முகப்புப் பலகத்தில் வரையப்படும். ஐந்து உணரிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதால், அவற்றை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

பெரிய அமைப்புகளுக்கு மேலும் சில முறைகள் வளர்ந்தன. ஒரு சுழற்சி தரவைப் படித்து வரிசையில் இட, மற்றொரு சுழற்சி அதை எடுத்துக் கோப்பில் எழுதும் 'உற்பத்தியாளர்–நுகர்வோர்' முறை அவற்றில் ஒன்று. வட்டில் எழுதத் தாமதமானாலும் அளவீடு தவறிப்போகாது என்பது இதன் பயன். தொடக்கம், அளவீடு, காத்திருப்பு, பிழை, நிறுத்தம் என நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையையும் ஒரு நிபந்தனைச் சட்டத்தில் வரையும் 'நிலைப் பொறி' முறை மற்றொன்று. ஒவ்வொரு கட்டத்தின் ஊடாகவும் ஒரு பிழைக் கம்பியை ஓட்டுவது மூன்றாவது. எங்கே பிழை நேர்ந்தாலும் அது கடைசிவரை வந்து சேரும். ஆளில்லாத அளவைக் கம்பத்தில் பல வாரங்கள் ஓடவேண்டிய நிரலுக்கு இவை அவசியமானவை.

படம் மறைக்கும் பிழை

படமாக இருப்பதால் நிரல் சரியாகவும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓர் எளிய எடுத்துக்காட்டு இதைக் காட்டும். ஓரிடத்தில் பாதி நேரம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்திலும், மீதி நேரம் 12 மீட்டர் வேகத்திலும் காற்று வீசுவதாகக் கொள்வோம். சராசரி 8 மீட்டர். அதன் மும்மடி 512. ஆனால் 4-இன் மும்மடி 64, 12-இன் மும்மடி 1,728. இவற்றின் சராசரி 896. அந்த இடத்தின் காற்று வளத்தை மதிப்பிடும் நிரலில் சராசரிக் கட்டத்தை மும்மடிக் கட்டத்துக்கு முன்னே வைத்தால் 512 வரும். பின்னே வைத்தால் 896 வரும். சரியான விடை 896. இரண்டு படங்களும் பார்வைக்கு ஒரே அளவு அழகாக இருக்கும். இரண்டிலும் கம்பிகள் அறுந்திருக்காது. இரண்டும் இயங்கும். கட்டங்களின் இடம் மாறியதால் ஏற்படும் வேறுபாடு நூற்றுக்கு 75.

கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நூற்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும் படங்களும் உண்டு. திரையைத் தாண்டி நீளும் படத்தை ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கித் தொடர்வது கடினம். எழுத்து நிரலில் இரண்டு பதிப்புகளின் வேறுபாட்டை வரிவரியாக ஒப்பிடலாம். படத்தில் அவ்வளவு எளிதன்று. அதனால் ஒரு திரைக்குள் அடங்கும் அளவில் படத்தை வரைவது, இடமிருந்து வலமாகக் கம்பிகளை ஓட்டுவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயரிடுவது போன்ற ஒழுங்குகள் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன.

ஏணிப்படம்: தொழிற்சாலை வழியே வந்த வரைபட நிரல்

வரைபட நிரலாக்கத்துக்கு ஆய்வகத்தைச் சாராத மற்றொரு மூலமும் உண்டு. ஆலைகளில் மோட்டார்களை இயக்கிய மின்தொடர்பிகளின் இணைப்பை மின்பணியாளர்கள் ஏணி வடிவப் படமாக வரைந்தனர். இரண்டு பக்கமும் மின்வழங்கு கோடுகள். நடுவே படிகள் போல ஒவ்வொரு சுற்றும். 1968-இல் ரிச்சர்டு மோர்லியும் அவர் குழுவினரும் நிரல்படு ஏரணக் கட்டுப்படுத்தியை உருவாக்கியபோது, மின்பணியாளர் அறிந்த அந்த ஏணிப்படத்தையே நிரல்மொழியாக வைத்தனர். 1993-இல் வந்த பன்னாட்டுத் தரமான 61131-3 ஏணிப்படம், செயற்கட்டப்படம், தொடர்நிலைப் படம் ஆகிய மூன்று வரைபட மொழிகளை ஏற்றது.

கோவில்பட்டி வட்டாரம் நூற்பாலைகளாலும் தீப்பெட்டித் தொழிலாலும் அறியப்பட்டது. லாயல் மில், லட்சுமி மில் ஆகியவை இவ்வூரின் அடையாளங்கள். நூற்பு, கழிவகற்றல், குளிரூட்டல் என நூற்பாலைப் பொறிகள் இயங்கும் இடங்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் மின்பணியாளர் படிப்பது ஏணிப்படத்தைத்தான். நிரல் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே வரைபட நிரலைப் படிக்கும் ஒரு தொழிலாளர் வரிசை இவ்வாறு உருவானது. இரண்டு மரபுகளும் ஒரே நியாயத்தில் நிற்கின்றன: வேலை அறிந்தவர் ஏற்கெனவே வரையும் படம் எதுவோ, அதையே கணினியும் ஏற்கவேண்டும்.

தமிழகக் கல்வியில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பாடத்திட்டங்களில் மெய்நிகர் கருவியியல் ஒரு பாடமாக இடம்பெற்றது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் ஜோவிதா ஜெரோம் லேப்வியூ வழியிலான மெய்நிகர் கருவியியல் பற்றி எழுதிய ஆங்கிலப் பாடநூல் 2010-இல் வெளிவந்தது. கரிசல் வட்டாரத்தில், கோவில்பட்டி கே. ஆர். நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட நேஷனல் பொறியியல் கல்லூரி, மின்னணுக் கருவியியலைத் தனிப் பாடப்பிரிவாகக் கற்பித்தது. மானாவாரி ஊர்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்து சென்று படிக்கும் தொலைவில் இத்துறை வந்தது இப்பகுதியின் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

தமிழ்வழியில் படித்துவந்த மாணவருக்கு, எழுத்து நிரலைவிடக் கட்டமும் கம்பியும் தொடக்கத்தில் எளிதாக அமைகின்றன. ஆனால் கட்டங்களின் பெயர்களும் விளக்கங்களும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. லேப்வியூவில் யூனிக்கோடு ஆதரவு நெடுங்காலம் முழுமையாக இல்லாததால், முகப்புப் பலகத்தில் தமிழ்ப் பெயர் இடுவதும் எளிதாக இருக்கவில்லை.

உள்ளூர்ச் சிக்கல்களும் இத்துறைக்குப் பாடமாகின்றன. மண்ணின் ஈரத்தை மின்தேக்க முறையில் அளக்கும் உணரியைக் கரிசலில் புதைத்தால், மண் வெடிக்கும்போது உணரியைச் சுற்றிக் காற்றிடைவெளி ஏற்படும். உணரி மண்ணை விட்டுக் காற்றை அளக்கும். முகப்புப் பலகத்தில் முள் தெளிவாக நிற்கும். எண் பொய்யாக இருக்கும். மணல் நிலத்துக்கான அளவுதிருத்தம் களிமண்ணுக்குப் பொருந்தாது என்பதும் இதனுடன் சேர்கிறது. இந்தப் பிழைகளைத் திரையில் காண முடியாது. வயலுக்குப் போனால்தான் தெரியும்.

உரிமமும் மாற்று வழிகளும்

லேப்வியூ ஒரு தனி நிறுவனத்தின் உடைமை. அதில் வரைந்த படத்தை அந்த மென்பொருளில்தான் திறக்க முடியும். உரிமம் முடிந்தால் கல்லூரி பல ஆண்டுகளாக வரைந்து வைத்த சோதனைப் படங்கள் பயனின்றிப் போகக்கூடும். 2020-இல் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு ஒன்று வெளியிடப்பட்டது. 2023-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தை எமர்சன் நிறுவனம் ஏறத்தாழ 820 கோடி டாலருக்கு வாங்கியது.

மாற்று வழிகளும் உள்ளன. கட்டற்ற மென்பொருளான சைலாபில் எக்ஸ்காஸ் என்ற வரைபடப் பகுதி உண்டு; இந்தியக் கல்லூரிகளில் சைலாபைப் பரப்பும் பணியை மும்பை ஐஐடியின் பாசி திட்டம் செய்தது. ஐபிஎம் நிறுவனத்தில் 2013-இல் உருவான நோடு-ரெட், உணரிகளை இணையத்துடன் இணைக்கும் வரைபடக் கருவியாகப் பரவியது. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் பீனிக்ஸ் திட்டத்தின் வழியே குறைந்த விலை அளவீட்டுப் பெட்டிகளை உருவாக்கியது. அவை பைத்தான் என்ற எழுத்து மொழியில் இயங்குகின்றன. மறுபக்கம், செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹேட்ரான் மோதுவியில் கற்றை ஒடுக்கிகளை நகர்த்தும் கட்டுப்பாட்டுக்கு லேப்வியூ பயன்பட்டது. ஆகவே படமா எழுத்தா என்பதைவிட, வரைந்ததைப் பிறர் திறந்து சரிபார்க்க முடியுமா என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

மதிப்பீடு

வரைபட நிரலாக்கத்தின் வரலாற்றுப் பங்களிப்பு, அளவீட்டை அறிந்தவரிடமே நிரலையும் ஒப்படைத்ததாகும். சோதனைப் பொறியாளர் தன் சோதனையைத் தானே மாற்றியமைக்க முடிந்தது. ஆனால் அது அளவீட்டின் பொறுப்பை எளிதாக்கவில்லை. காற்றுமானியின் அளவுதிருத்தம், கம்பத்தின் இடம், சராசரி எடுக்கும் வரிசை, கழிக்கவேண்டிய தரவு ஆகியவற்றைப் படம் தானாகத் தீர்மானிப்பதில்லை.

அன்னா மாணியின் தலைமுறை கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியது. பின்வந்த தலைமுறை வரைபடத்தையே கருவியாக்கியது. இரண்டுக்கும் சோதனைக்களம் ஒன்றே. கயத்தாற்றில் மேல்காற்று வீசும் மாதங்களில் கம்பத்தின் உச்சியில் சுழலும் குவளைகள் சரியாகச் சொல்கின்றனவா என்பதில்தான், ஓர் இயந்திரத்தின் பெயரில் கொடுக்கப்பட்ட வாக்கு நிற்பதும் வீழ்வதும் அமைகிறது.